அட்டெஸ்ட் செய்யப்பட்ட மீசை

ஓவியம் வரையத் தெரிந்த குமாஸ்தாவைப் போல ஆபத்தான பிராணி அரசாங்க அலுவலகத்தில் வேறு கிடையாது. ஓவியம் தெரியாத குமாஸ்தா ஒரு கோப்பைத் தொலைப்பான்; தேடினால் கிடைத்துவிடும். ஓவியம் தெரிந்தவனோ ஒரு மனிதனையே மாற்றி வைத்துவிடுவான். அப்புறம் அந்த மனிதனை எந்த அலமாரியில் போய்த் தேடுவது?

நான் ஓவியம் தெரிந்தவன். (அப்படிச் சொன்னது நான்தான். வேறு யாரும் சொன்னதாக ஆவணம் இல்லை.)

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் ஒரு அரசு இலாகாவில் இளநிலை குமாஸ்தாவாக இருந்தேன். மரக்கட்டைகளை அளந்து, எண் போட்டு, கப்பலேற்றும் இலாகா. கல்யாணம் ஆகவில்லை, மாலை வேளைகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் மரக்கிடங்குக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு பாஸ்கெட்பால் மைதானம் இருந்தது. பந்து மோதுகிற பலகைகூட எங்கள் கிடங்கின் படாக் மரம்தான். மெயின்லேண்டில் அந்தப் பலகையில் வரவேற்பறை மேஜை செய்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அங்கே போய் உட்கார்ந்து ஆடுகிறவர்களை வரைவேன். டெண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க என் ஓவியங்கள்தான்.

அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பாஸ்கெட்பால் என்பது கைகளின் ஆட்டம். முகத்துக்கு அதில் வேலையில்லை. ஆகவே நான் கைகளை மட்டும் வரைந்தேன். நீட்டிய கை, மடக்கிய கை, பந்தை விட்டபின் விரல்கள் வாடிய பூப்போலத் தொங்குகிற கை. எங்கள் குழுவின் கேப்டன் அப்பாராவ், ஆந்திராக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். ஒருநாள் என் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“க்யா பெயிண்டர் பாபு, ஹம் லோக் கா முண்டி கிதர் கயா?”

தலைகள் எங்கே போயின என்று கேட்கிறார். கலை புரியாதவர்களிடம் என்ன பேசுவது என்று நான் கடலைப் பார்த்தேன். (அந்த வயதில் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் கடலைப் பார்ப்பேன். போர்ட் பிளேரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் இருப்பது பெரிய வசதி.)

அந்தக் குழுவின் உயிர் சூசை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பங்குப் பள்ளிக்கூடத்தில் பாதிரியார் ஒருவரிடம் இந்த ஆட்டத்தைக் கற்றவன். எங்கள் கிடங்கில் தினக்கூலி. எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் போகும். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். நிரந்தர வேலை கிடைத்தால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் அவர்களைக் கப்பலில் கூட்டிவர முடியும். எங்கள் இலாகாவின் பெரிய அதிகாரி (நாங்கள் ‘சாப்’ என்போம்) ஆட்டப் பிரியர். இலாகாக்களுக்கு இடையிலான போட்டி அறிவிக்கப்பட்டதும் அவர் சொன்னார்: “ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பையன் இறுதி ஆட்டத்தில் எல்லாரும் சொல்கிற மாதிரி ஆடினால் அது அவனுக்கு. இல்லாவிட்டால் இந்த சீசனோடு கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள்.”

அந்த வருடம் போட்டிக்காரர்கள் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். முந்தைய வருடம் ஒரு இலாகா, துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து மாலுமி ஒருவனை இறக்கி, தன் ஆள் என்று ஆடவிட்டிருந்தது. ஆகவே இனிமேல் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உருவப்படமும், கெஜட்டட் அதிகாரி அட்டெஸ்ட் செய்து தரப்பட வேண்டும்.

அபர்தீன் பஜார் ஸ்டூடியோவில் பிலிம் இல்லை. பிலிம் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் கல்கத்தாவிலேயே பழுதாகி நின்றது. கப்பல் வராவிட்டால் எங்களுக்கு உருளைக்கிழங்கு இல்லை, கடிதம் இல்லை, போட்டோவும் இல்லை. மற்ற இலாகாக்களிடம் பழைய போட்டோக்கள் இருந்தன. எங்கள் ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் ஆயுளில் ஒருமுறைகூடக் காமிராவுக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை.

நான் விதியை எடுத்துப் படித்தேன். மூன்று முறை படித்துவிட்டு எழுந்து நின்றேன்.

“இதுல உருவப்படம்னு இருக்கு. காமிராவுல எடுத்ததுன்னு எங்கயும் இல்ல.”

வாழ்க்கையில் விதிகளைப் படித்ததற்காக நான் பெருமைப்பட்ட தருணங்கள் பல. வருத்தப்படத் தொடங்கியது இதிலிருந்துதான்.

ஐந்து பேரையும் வாட்டர்கலரில் வரைந்தேன். மர நிழலில் உட்காரவைத்து வரைந்திருக்கலாம். ஆனால் ஆட்டக்காரனை அவன் ஆடும் களத்தில் வைத்துத்தான் வரைய வேண்டும் என்று எனக்கு இன்னொரு கொள்கை. (கொள்கைகளுக்கு அப்போது தட்டுப்பாடே இல்லை, அவை கப்பலில் வரவேண்டியதில்லை.) சாப்பாட்டு இடைவேளையில், உச்சி வெயிலில், சிமெண்ட் தரையில் ஒவ்வொருவராக நிறுத்தினேன். அந்தமான் வெயில் தலைக்கு நேர் மேலே நின்று அடித்தது. மூக்கின் நிழல் மேலுதட்டில் கெட்டியாக விழுந்தது. கண் பார்ப்பதைக் கை வரையவேண்டும் அல்லவா? அடர் பழுப்பைத் தொட்டு அந்த நிழலை நேர்மையாக வரைந்தேன்.

மற்ற நால்வருக்கும் சொந்த மீசை உண்டு. நிழல் அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. சூசைக்கு மீசை கிடையாது. தினமும் மழுங்கச் சிரைப்பவன்.

லாங் ஐலண்டுக்கு இன்ஸ்பெக்ஷன் போகப் படகு காத்திருக்க, சாப் நின்றவாக்கில் ஐந்து படங்களிலும் கையெழுத்துப் போட்டார். நான் வட்ட முத்திரையைக் குத்தினேன், பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலுமாக, விதிப்படி. படகு கிளம்பிப் போனது. அதன் பிறகுதான் சூசை தன் படத்தைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இது ஆரு?”

“நீதான்.”

“எங்க மாமனாரு மாதிரில்லா இருக்கு.”

“அது நெழல்டா.”

“நெழலுக்கு ரெண்டு பக்கமும் முறுக்கு வுட்டிருக்கியளே!”

உற்றுப் பார்த்தேன். நிழல்தான். ஆனால் உலகத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் அது மீசையாகத்தான் தெரியும் என்பது அந்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. அழிக்கலாம் என்றால் முத்திரையின் ஓரம் சரியாக அந்த மீசையின் மேலேயே விழுந்திருந்தது. மீசையை அழித்தால் அரசு முத்திரையை அழித்ததாகும். திருத்தினால் திருத்தத்துக்கு மறுபடி அட்டெஸ்டேஷன் வேண்டும். அட்டெஸ்ட் செய்ய வேண்டியவர் கடலில். இறுதி ஆட்டத்துக்கு நேராகப் படகிலிருந்துதான் வருகிறார்.

“கவலப்படாத. படத்தையெல்லாம் யாரு பாக்கப் போறா?” என்றேன்.

முதல் ஆட்டங்களில் யாரும் பார்க்கவில்லை. அந்த ஆட்டங்களில் சூசை போட்ட பாயிண்டுகளைப் பார்த்தபிறகு எல்லாரும் பார்க்க ஆரம்பித்தார்கள். குறிப்பாக எதிர் அணியின் மேனேஜர் பணிக்கர். “இவன் கப்பல்காரனாக்கும்” என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டு, இறுதி ஆட்டத்தன்று படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று போட்டிச் செயலாளர் சாட்டர்ஜி பாபுவிடம் மனுக் கொடுத்தார்.

மைதான வாசலில் மேஜை போட்டு சாட்டர்ஜி பாபு உட்கார்ந்தார். அப்பாராவையும் மற்ற மூவரையும் படத்தோடு ஒப்பிட்டு உள்ளே விட்டார். சூசையின் முறை வந்தது. படத்தைப் பார்த்தார். சூசையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மூச் கிதர் ஹை?”

மீசை எங்கே என்கிறார்.

“தாதா, ஓ மூச் நஹி. சாயா ஹை,” என்றேன். அண்ணா, அது மீசை இல்லை, நிழல்.

“சாயா?” என்றார் சாட்டர்ஜி பாபு. “சாயா கா ஊபர் மோஹர் மாரா?”

நிழலின் மேல் முத்திரை குத்தினாயா என்கிறார். நான் விதிகளைச் சொன்னேன். அவர் எனக்குத் தெரியாத விதிகளைச் சொன்னார். விதி தெரிந்த இரண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிற்பவன் கதி அதோகதி. சூசை எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், “அண்ணாச்சி, எம் புள்ளைக்கு நடக்கவே வந்துருச்சாம். நான் இன்னும் பாக்கல,” என்றான். தமிழில்தான் சொன்னான். சாட்டர்ஜி பாபுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் பிள்ளை பெற்றவர்.

எழுந்தார். “ஹம் சாய் பீனே ஜாதா ஹை. வாபஸ் ஆயேகா தோ, தஸ்வீர் வாலா ஆத்மி இதர் கடா ரஹ்னா மாங்தா.”

டீ குடிக்கப் போகிறார். திரும்பி வரும்போது படத்திலிருக்கிற ஆள் இங்கே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பைக்குள் வாட்டர்கலர் பெட்டி இருந்தது. சூசையைப் பெஞ்சில் உட்காரவைத்து, படத்தைப் பார்த்து மீசையை வரைய ஆரம்பித்தேன். ஆளைப் பார்த்துப் படம் வரைவார்கள். படத்தைப் பார்த்து ஆளை வரைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“கூசுது அண்ணாச்சி.”

“அசையாத. கவர்மெண்ட் மீசை இது.”

“லெஃப்ட் சைட் தோடா ஜாஸ்தி ஹோ கயா, பெயிண்டர் பாபு,” என்றார் அப்பாராவ், இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதாம். கலை விமர்சனத்தில் அவருக்கு எப்போதும் ஒரு தைரியம் உண்டு.

அந்தப் புழுக்கத்தில் வியர்வைக்கு முன்னால் வாட்டர்கலர் என்ன செய்யும்? முறுக்கு நாடிக்கு இறங்கியது. டீக்கடைக்கு ஓடினேன். டீ போடும் கேட்லியின் அடியில் இருந்த கரியைக் கத்தியால் சுரண்டினேன்.

“சார், கேட்லிய என்ன பண்றீங்க?” என்று கடைக்காரர் அலறினார்.

சாட்டர்ஜி பாபு பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைப்பதைக் கண்டார். உடனே டம்ளரோடு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்ட் பிளேரில் கடல் எனக்கு மட்டும் உதவவில்லை.

கரி மீசை அபாரமாக வந்தது. படத்தைவிட நன்றாகவே இருந்தது. சாட்டர்ஜி பாபு திரும்பி வந்து ஒப்பிட்டு, “டீக் ஹை,” என்று டிக் அடித்தார். நான் சூசையைத் தனியே அழைத்துப் போய் விளையாட்டு உத்திகளைச் சொன்னேன்: முகத்தைத் துடைக்காதே. சிரிக்காதே. கத்தாதே. மேலுதட்டை ஆட்டாதே. மற்றபடி இஷ்டம்போல் ஆடு.

முதல் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. தலையில் நிறைகுடம் வைத்தவனைப் போலச் சூசை நடந்தான். வாயைத் திறக்காததால் பந்து கேட்கவில்லை. கேட்காததால் யாரும் கொடுக்கவில்லை. தப்பித்தவறி வந்த பந்துகளையும், முகத்தில் கை படக்கூடாதே என்று மார்புக்குக் கீழிருந்து கரண்டியால் சோறு போடுவதுபோல எறிந்தான். ஒன்றுகூட விழவில்லை.

என் கொள்கை அங்கே, என் கண்ணெதிரே இடிந்தது. கைகள் அதே கைகள். எதுவும் குறையவில்லை. ஆனால் முகத்தைப் பூட்டியதும் ஆட்டம் நின்றுபோனது. இவ்வளவு காலம் நான் வரைந்த அந்தக் கைகளை இயக்கியது வாயும் புருவமும்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பந்து வைத்திருப்பவனைப் பார்த்து இன்னொருவன் ஒரு புருவத்தைத் தூக்குகிறானே, ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்பாராவ் கேட்ட கேள்வி நியாயமானது. தலைகள் எங்கே?

நடுவில் சாப் படகிலிருந்து வந்து உட்கார்ந்தார். “வோ லட்கா கௌன் ஹை?” அந்தப் பையன் யார் என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பீமார் ஹை க்யா?”

உடம்பு சரியில்லையா என்கிறார். அவர் முகத்தில் அந்தக் காலி இடம் மெல்ல மூடப்படுவதைப் பார்த்தேன்.

இடைவேளையில் சூசை நேரே என்னிடம் வந்தான். “வாயத் தொறக்காம எப்படி அண்ணாச்சி பந்து கேக்கது? நான் ஊம மாதிரி நிக்கேன்.”

“தொடச்சா வெளிய அனுப்பிடுவாங்கடா. வேல போயிடும்.”

“போட்டும். வெளாண்டு தோத்தா, கப்பலேறிப் போயி பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்கிடுவேன். சும்மா நின்னு தோத்தேன்னு எப்படிச் சொல்லுவேன்?”

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து, என் வெள்ளைச் சட்டையில் முகத்தை அழுத்தித் துடைத்தான். அரசு மீசை இப்போது என் தோளில் இருந்தது, இரண்டு பக்க முறுக்கோடு.

அதன்பிறகு நடந்ததுதான் பாஸ்கெட்பால். “ஏலே அப்பாராவு! இங்கிட்டுப் போடுல!” என்று தூத்துக்குடித் தமிழில் கத்தினான்; தெலுங்குக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் போட்டார். போட்ட இடத்தில் சூசை இருந்தான். புருவத்தால் இடப்பக்கம் போவதாகச் சொல்லி வலப்பக்கம் போனான். பந்து கையைவிட்டுப் போகும்போது அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது, குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்களின் வாய் திறக்குமே, அப்படி. பந்து விழுந்த பிறகுதான் மூடினான். மூன்று, ஐந்து, எட்டு என்று போனபிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். சாப் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போது பணிக்கர் எழுந்தார். மேஜைக்குப் போய்ப் படத்தை எடுத்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, நேரே சாப்பின் முன் கொண்டுபோய் நீட்டினார்.

“சார், இது மீசையுள்ள ஆளு. கீழே ஆடுறவனுக்கு மீசை எவிடே? ஆள்மாறாட்டம் சார்!”

சூசை பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். நான் என் தோளைக் கையால் மூடிக்கொண்டேன். என் மாற்றல் உத்தரவு நிக்கோபார் தீவுகளில் கடைசித் தீவுக்குத் தட்டச்சாகிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

சாப் படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒன்றை ஒரு அதிகாரி முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருமே ஒரு சாந்தம், அது வந்தது.

“யே தஸ்தகத் கிஸ்கா ஹை?” இது யார் கையெழுத்து என்கிறார்.

“சாருடையது,” என்றார் பணிக்கர்.

“முஹர்?”

“அதுவும் சாருடையதுதான்.”

“தோ ஆத்மி பீ யஹி ஹை,” என்றார் சாப். கையெழுத்தும் முத்திரையும் என்னுடையது என்றால் ஆளும் இவன்தான்.

“சார், பட்சே மீசை...”

“ஆ ஜாயேகா.”

வந்துவிடும் என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, என் தோளை ஒரு கணம் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “தஸ்வீர் ஜைஸா ஹோனா சாஹியே. ஹமேஷா.” படம் எப்படியோ ஆள் அப்படியே இருக்க வேண்டும், எப்போதும்.

ஆட்டத்தில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம். முதல் பாதியை மீசைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவுதான் மீட்க முடியும்? கோப்பை பணிக்கருக்குப் போனது. காலி இடம் சூசைக்கு வந்தது. சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்ட போட்டோ கேட்டார்கள். கப்பல் அப்போதும் வந்திருக்கவில்லை. அட்டெஸ்ட் ஆன என் ஓவியத்தையே ஒட்டினார்கள். பிலிம் வந்தபிறகு மாற்றித் தரக் கேட்டு நானே மனு எழுதினேன். ‘உரிய முறையில் சான்றளிக்கப்பட்ட உருவப்படம் ஏற்கெனவே பதிவில் உள்ளதால் மாற்ற அவசியமில்லை’ என்று பதில் வந்தது. அந்த வாசகத்தை டைப் அடித்தவனும் நான்தான். அது என் மேஜை வேலை.

ஆகவே சூசை மீசை வளர்த்தான். முறுக்கும் விட்டான்.

அவன் மனைவி பிலோமினா குழந்தையோடு கப்பலிலிருந்து இறங்கியபோது நானும் ஜெட்டிக்குப் போயிருந்தேன். அவள் சூசையைத் தாண்டிப் போய், கூட்டத்தில் சூசையைத் தேடினாள். அவன் கூப்பிட்டதும் திரும்பினாள். குழந்தை அவன் முகத்தைப் பார்த்து வீறிட்டது. விஷயத்தை அவன் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

“நீங்கதானா அந்த அண்ணாச்சி? எங்க அப்பா எனக்கு வேற மொகத்தலா கட்டி வச்சாவ.”

அதற்குப் பிறகு நான் கைகளை மட்டும் வரைந்ததே இல்லை. வருஷக்கணக்கில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களின் முகங்களைத்தான் வரைந்தேன்: பந்து கேட்கிற வாய், பொய் சொல்கிற புருவம், பந்து வளையத்தில் சுற்றும்போது மூச்சை நிறுத்திய பத்து முகங்கள். போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அவைதான். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டிருப்பதால் பல் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பது என் மனைவியின் அபிப்பிராயம். நிழல் விழாத இடமாகப் பார்த்து உட்காரவைத்து வரைந்தவை. (ஒருமுறை பட்டால் போதும்.)

சூசை பணி ஓய்வு பெற்ற மறுநாள் என்னைத் தேடி வந்தான். இனி அரசாங்கத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, மீசையை எடுத்துவிடப் போகிறேன் என்றான். நான் அவனுக்குப் பென்ஷன் விதிகளை எடுத்துச் சொன்னேன். வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று தர வேண்டும். வந்து நிற்கிற ஆளும் பதிவில் இருக்கும் படமும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். மீசையை எடுக்கப் புதுக் கத்தி வாங்கி வந்திருந்தவன் அப்படியே திரும்பிப் போனான்.

இப்போது அந்த மீசை நரைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனால், குழம்பு மீசையில் படாமல் சூசை படும் பாட்டைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். எடுத்துவிட்டால்தான் என்ன தாத்தா என்று கேட்பார்கள். பிலோமினா அடுக்களையிலிருந்தே பதில் சொல்வாள்:

“எடுத்தா சோறு ஏதுல? பென்சன் வாறது அந்த மீசைக்கு. ஒங்க தாத்தா சும்மா அத வச்சிப் பாத்துக்கிடுத ஆளு.”

விதிப்படி அவள் சொல்வது முழுக்கச் சரி.